பபிள் உறையா, தெர்மோகோல் பெட்டியா? கேப் ஒயினை விமானத்தில் கொண்டுபோகும் வழிகள்

கேப் டவுன் பக்கம் போய்வரும் டர்பன், ஜோஹன்னஸ்பர்க் தமிழர்கள் பலர் ஸ்டெல்லன்போஷிலோ ஃபிரான்ஷூக்கிலோ நல்ல ஒயினாகப் பார்த்துச் சில பாட்டில்கள் வாங்கிவிடுகிறார்கள். அவற்றில் சில உள்நாட்டு விமானத்தில் வீடு வந்து சேர்கின்றன. சில, உறவினருக்கென்று சென்னை வரை போகின்றன. இந்த இரண்டு பயணங்களுக்கும் ஒரே விதமாகக் கட்டுவதுதான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். எத்தனை பாட்டில் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால், எதில் கட்டுவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இந்தியாவுக்குள் ஒரு பயணி வரியில்லாமல் கொண்டுபோகக்கூடிய மதுவின் அளவு 2 லிட்டர். அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு, அதற்கு மேல் ஒரு 500 மில்லி பாட்டில். உள்நாட்டுப் பயணத்தில் சுங்கம் கிடையாது, எடைதான் எல்லை. 24 சதவீதத்துக்கு மேற்படாத ஆல்கஹால் உள்ள மதுவுக்கு விமானப் பாதுகாப்பு விதிகளில் அளவுக் கட்டுப்பாடு இல்லை என்பதால், 12 முதல் 15 சதவீதம் வரை இருக்கும் சாதாரண ஒயினை செக்-இன் பெட்டியில் வைப்பதற்குத் தடை எதுவும் இல்லை.

துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அத்தை ஒருமுறை வேட்டியில் சுற்றி அனுப்பிய சிவப்பு ஒயின் எப்படி உடைந்திருந்தது என்பதை நான் கூர்ந்து பார்த்தேன். பாட்டிலின் உடல் முழுசாக இருந்தது. அடி விளிம்பிலிருந்து மட்டும் ஒரு பிறைத் துண்டு பெயர்ந்திருந்தது. கட்டும்போது நடுவில் இருந்த பாட்டில், பெட்டி உருண்டு புரண்டதில் மெல்ல நகர்ந்து சக்கரப் பக்கத்துச் சுவரை ஒட்டிவிட்டது. துணிக்கு இருக்கும் குறை இதுதான்: அது மெத்தென்று இருக்கிறதே தவிர, பாட்டிலை ஓரிடத்தில் பிடித்து நிறுத்துவதில்லை, கசிந்தால் தடுப்பதும் இல்லை. அந்த வேட்டியோடு கூட இருந்த பட்டுப் புடவையும் போயிற்று.

பபிள் உறை இந்த இரண்டாவது குறையைத் தீர்க்கிறது. உள்ளே காற்றுக் குமிழ்கள், வெளியே தடித்த பிளாஸ்டிக், வாயில் ஜிப்பும் அதற்கு மேல் ஒட்டும் மடிப்பும் கொண்ட இந்த உறையில், பாட்டில் உடைந்தாலும் ஒயினும் கண்ணாடித் துண்டுகளும் பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடும். சிலவற்றில் ஈரத்தை உறிஞ்சும் பட்டையும் உண்டு. விலை குறைவு, எடை மிகச் சொற்பம், திரும்பத் திரும்பப் பயன்படும். ஆனால் குமிழ் மெல்லியது என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. கெட்டியான ஓடு கொண்ட சூட்கேஸின் நடுவில், எல்லாப் பக்கமும் நான்கு விரற்கடையாவது துணி இருக்கும்படி, இரண்டு பாட்டில்கள் ஒன்றையொன்று தொடாமல் வைத்தால் இதைவிடப் பொருத்தமான வழி சென்னைப் பயணத்துக்கு இல்லை என்பேன். திருகு மூடி உள்ள பாட்டிலுக்கு மூடியின் பக்கவாட்டில் கூடுதலாக ஒரு மடிப்புத் துணி சுற்றுவது நல்லது. அங்கே பலமாக அடிபட்டால் கண்ணாடி உடையாமலேயே கசியத் தொடங்கிவிடும்.

பம்பால் ஊதி நிரப்பும் காற்றுத் தூண் உறையும் கடைகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு தூணும் தனித்தனியாக அடைபட்டிருப்பதால் ஒன்று ஓட்டையானாலும் மற்றவை தாங்கும். கூரியரில் தரைவழியே அனுப்புவதற்கு இது மிக நல்லது. விமானத்தில்தான் எனக்குத் தயக்கம். ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஊதிய உறை கடலோரச் சென்னையில் இறங்கும்போது, வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் தொளதொளத்துப் போகும். பெட்டியை இறக்கி கன்வேயர் பெல்ட்டில் எறியும் நேரமும் அதுவேதான். மாறாக, டர்பனிலோ கேப் டவுனிலோ முழுக்க ஊதினால், பறக்கும்போது புடைத்துத் தையல் ஓரங்கள் விட்டுக்கொடுக்கக்கூடும். கடலோரத்தில் ஊதுவோர் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கேப் டவுனிலிருந்து ஆறு பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுபோவோருக்குத் தெர்மோகோல் பெட்டியே சரி. பாட்டில் வடிவத்திலேயே குழி வெட்டிய இரண்டு பாதிகள், அவற்றைச் சுற்றி ஓர் அட்டைப்பெட்டி. பாட்டில் நகர இடமில்லை, பக்கத்துப் பாட்டிலை முட்டவும் வழியில்லை. தெர்மோகோல் வெப்பத்தையும் தடுப்பது இன்னொரு லாபம். டிசம்பர், ஜனவரி வெயிலில் விமானத் தளத்தில் காத்துக் கிடக்கும் சரக்கு வண்டியில் ஒயின் சூடேறி விரிந்தால் கார்க் மேலே தள்ளப்படும். பண்ணைகளில் சாதாரணமாகக் கொடுக்கும், மெல்லிய அட்டைத் தடுப்பு வைத்த பெட்டியை இதுவென்று நினைத்து செக்-இன் செய்துவிட வேண்டாம். அது காரில் வைத்துக் கொண்டுபோக மட்டும். ஆறு பாட்டிலுடன் எடை 8, 9 கிலோ வரும். எடை அனுமதிக்குள் இருந்தாலும் பெட்டி எண்ணிக்கையில் இது தனி உருப்படி என்பதால், ஒரு பெட்டிக்கு மட்டுமே இடம் தரும் டிக்கெட்டில் கூடுதல் கட்டணம் வரும். கேப் கிளாசிக் எனப்படும் நுரை ஒயின் பாட்டில் பருமனானது. சாதாரணக் குழிக்குள் அழுத்தித் திணிக்காமல், பெரிய குழியுள்ள பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒயினுக்கென்றே செய்த, உள்ளே நுரைப்பஞ்சு அடுக்கிய சூட்கேஸ் பாதுகாப்பில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் விலையும் காலி எடையும் அதிகம். 12 பாட்டில்களே 15 கிலோவைத் தாண்டும் என்பதால், 23 கிலோ எல்லையில் வேறு எதற்கும் இடமிருக்காது. ஆண்டுதோறும் கேப்பிலிருந்து வாங்கிவரும் குடும்பத்துக்கு அது ஈடாகலாம். இரண்டு பாட்டிலோடு சென்னை போகிறவருக்கு வீண் செலவு.

டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிக் கையோடு கொண்டுபோனால் உடையும் பயம் ஏறக்குறைய இல்லை. அதற்குப் பதில் தேர்வு குறைவு. சின்னப் பண்ணைகளின் ஒயின் அங்கே அரிது. முத்திரையிட்ட பையைப் பிரிக்காமல் ரசீதோடு வைத்திருக்க வேண்டும். மும்பையில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறுவோர், சுங்கம் முடிந்ததும் பாட்டிலைச் செக்-இன் பெட்டிக்கு மாற்றிவிடுவது பத்திரம். அதற்காகவே காலியான பபிள் உறை ஒன்றைப் பெட்டியில் மடித்து வைத்திருங்கள்.

முன்பு சொன்ன 500 மில்லி கணக்குக்குப் பொருந்துவது கான்ஸ்டான்ஷியாவின் இனிப்பு ஒயினான வான் டி கான்ஸ்டான்ஸ். குட்டையான அந்தப் பாட்டில் தெர்மோகோல் குழியில் சரியாக உட்காராது. பபிள் உறையில்தான் வைக்க வேண்டும். உறையின் மேல்பக்கத்தில் மிஞ்சும் இடத்தில் சுருட்டிய காலுறை ஒன்றை அடைத்து மூடினால் பாட்டில் ஆடாது.