மாமரத்துக்கு ‘ஃப்ரூட்டி ஃப்ரெஷ்’: அறுவடைக்கு முன் தெளிக்கும் ஹெக்சனால் கலவை

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களை விளைச்சல் குறைவைவிட அதிகமாக வாட்டுவது, எல்லாத் தோப்பிலும் காய் ஒரே சமயத்தில் முதிர்ந்து மண்டியில் விலை சரிவதுதான். காய் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃப்ரூட்டி ஃப்ரெஷ்’ என்னும் நானோ திரவக் கலவையை எங்கள் பங்கனப்பள்ளி மரங்களுக்குத் தெளித்துப் பார்த்ததில், பறிக்கும் நாளை நாமே முடிவு செய்ய முடிவதுதான் இதன் பெரும்பயன் என்று உறுதியாகச் சொல்வேன்.

இதிலுள்ள ஹெக்சனால், வெள்ளரிக்காயிலும் அறுத்த புல்லிலும் இயற்கையாகவே இருக்கும் பொருள். உணவுக்கு மணமூட்டவும் பயன்படுகிறது. பழம் முதிரும்போது பாஸ்போலிபேஸ் டி என்னும் நொதி செல் சவ்வைச் சிதைப்பதால்தான் சதை தளர்கிறது. ஹெக்சனால் அந்த நொதியைத் தடுக்கிறது. கண்டிப்பாகப் பார்த்தால் இது ஜிப்ரெலிக் அமிலம் போன்ற வளர்ச்சி ஊக்கி அன்று. ஆனாலும் பழம் மூப்படைவதைத் தள்ளிப்போடுவதே இதன் வேலையும். கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தோடும் இலங்கை ஆய்வாளர்களோடும் கைகோத்துச் செய்த ஆய்வின் பயன் இது.

அறுவடைக்கு 30 நாள் முன்பு ஒரு முறையும், 15 நாள் முன்பு மறுமுறையும், லிட்டர் தண்ணீருக்கு 20 மி.லி. வீதம் கலந்து, காய்கள் நன்றாக நனையும்படி தெளிக்க வேண்டும். தெளித்த மாலையில் தோப்பெங்கும் பச்சைப் புல் வாசம் வீசுகிறது. வேறுபாடு முதலில் தெரிவது காம்பில்தான். தெளிக்காத மரத்தில் முதிர்ந்த காய் ஒரு காற்றுக்கே உதிர்கையில், தெளித்த மரத்தில் கத்தரிக்கோல் வைத்து வெட்ட வேண்டிய அளவுக்குக் காம்பு இறுகப் பிடித்திருக்கிறது. பறித்து வைத்த பழத்தின் தோள்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால், தோல் மஞ்சளான பிறகும் சதை குழைவதில்லை. சுவையிலும் குறை தெரியவில்லை. முதிர்ந்த காயை மரத்திலேயே மூன்று வாரம் வரை நிறுத்தலாம் என்று பல்கலைக்கழகம் கூறுகிறது.

ஆனால் காய் கூடுதல் நாள் மரத்தில் நிற்பதால் பழ ஈக்கும் கூடுதல் நாள் கிடைக்கிறது. பழ ஈயைக் கவர்ந்து பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறிகளை முன்கூட்டியே கட்டாமல் இதைத் தெளிப்பது வீண்செலவு. ஆந்த்ராக்னோஸ் கரும்புள்ளிக்கும் இதை மருந்தாக நம்பக்கூடாது. உயர்ந்து வளர்ந்த பழைய மரங்களில் உச்சிக் கொத்துகளை நனைக்க விசைத்தெளிப்பான் இன்றி முடியாது. கவாத்து செய்து தாழ வளர்த்த மரங்களுக்கே இது மிகவும் ஏற்றது.

பழக்கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா ரகத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்; அங்கே பழத்தின் தோற்றத்துக்குத் தனி விலை கிடையாது. பங்கனப்பள்ளி, இமாம் பசந்த், அல்போன்சா ஆகியவற்றை நேரடியாகவோ தொலைதூரச் சந்தைக்கோ விற்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். முதல் பருவத்தில் சில மரங்களுக்கு மட்டும் தெளித்து, பக்கத்து மரங்களைத் தெளிக்காமல் விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.