நத்தைக்கு வாத்து வாங்கி 6,900 ரூபாய் போச்சு, நீங்களும் ஏமாறாதீங்க

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 6,900 ரூபாய். தையல் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்து சம்பாதித்த காசு. கொல்லையில் இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆண் வாத்து. அதுவும் நத்தை தின்னாது.

நாகர்கோவிலில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட் இடம். ஐப்பசி மழை பிடித்தால் ஓடில்லாத கறுப்பு நத்தை வந்துவிடும். பகலில் ஒன்றுகூடக் கண்ணில் படாது, தொட்டிக்கு அடியிலும் செங்கல் இடுக்கிலும் பதுங்கிக் கிடக்கும். ராத்திரி 9 மணிக்கு டார்ச் அடித்தால் கீரைப் பாத்தி முழுக்கப் பளபளவென்று கோடு. இந்த வருடம் முளைத்த தண்டங்கீரையில் பாதி போயிற்று, செவ்வந்தி நாற்று மொத்தமும் போயிற்று. உப்பைக் கொட்டினால் மண் கெடும். கடையில் நத்தை மருந்து விற்கிறார்கள், ஆனால் வீட்டில் நாய் இருக்கிறது. அதைத் தின்றால் நாய் உயிருக்கே ஆபத்து. அப்படித்தான் வாத்து யோசனை வந்தது.

பழைய பொருள், ஆடு, கோழி எல்லாம் விற்கிற ஒரு ஆப் இருக்கிறது. பெயர் வேண்டாம். அதில் ஒருவர் 'நத்தை தின்னப் பழகிய வாத்து, தோட்டத்துக்கு மருந்தே வேண்டாம்' என்று வீடியோ போட்டிருந்தார். திராட்சைத் தோட்டத்துக்குள் கூட்டம் கூட்டமாக வாத்து ஓடுகிறது, குனிந்து குனிந்து பொறுக்குகிறது. பின்னால் ஒரு பாட்டு. கம்பம் பக்கம் தன்னுடைய தோட்டம் என்றார்.

நான் அவரை நம்பிய இடம் எது தெரியுமா? "எத்தனை சென்ட்க்கா?" என்று கேட்டார். 3 என்றேன். "அதுக்கு 6 எதுக்குக்கா, 4 போதும். காசை வீணாக்காதீங்க" என்றார். விற்க வந்தவன் குறைச்சு வாங்கச் சொல்கிறானே என்று மனசு இளகிவிட்டது. நானே பிடிவாதமாக 6 கேட்டேன்! தலைக்கு 950 வீதம் 5,700, பெட்டிக்கு 300, பஸ் பார்சலுக்கு 900. எல்லாம் பெட்டை, 6 மாதம் ஆனது, தடுப்பூசி போட்டாயிற்று என்றார். முன்பணம் 3,000 போதும் என்றவர், மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில் ஏற்றும் நேரத்தில் பாக்கியையும் போடச் சொன்னார். போட்டேன். "நாளைக்குக் காலையில உங்க வீட்டு நத்தைக்கெல்லாம் கெட்ட நேரம்க்கா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

காலை நாலரைக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டில் பெட்டியை வாங்கினோம். அட்டைப் பெட்டி, நான்கு பக்கமும் டேப், மூச்சு விட இரண்டே ஓட்டை. அடியெல்லாம் நனைந்து பிய்ந்திருந்தது. திறந்தால் ஒன்று செத்துக் கிடந்தது. மிச்சம் ஐந்தில் நான்குக்கு வால் மேலே இறகு சுருண்டு நின்றது. சுருண்ட இறகு என்றால் ஆண். பெட்டைதான் சத்தமாகக் கத்தும், ஆணுக்குக் கரகரப்பான குரல். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. இரண்டுக்குக் கண் ஒட்டிப்போயிருந்தது.

போன் செய்தேன். "பயணக் களைப்புக்கா, வெல்லத் தண்ணி குடுங்க." மறுநாள் பச்சையாகக் கழிச்சல், இறக்கை தொங்கிவிட்டது. "தண்ணி மாறியிருக்கும்க்கா, ரெண்டு நாள்ல சரியாயிடும்." இரண்டு நாளில் இரண்டு செத்தது. "அதை பஸ்காரன்கிட்ட கேளுங்க." அப்புறம் ஒரு பெண் எடுத்து, அவர் வயலுக்குப் போயிருக்கிறார் என்றார். ராத்திரி எட்டரைக்கு என்ன வயல்? நான்காம் நாள் மொத்தம் ஐந்து போயாயிற்று, அவருடைய போட்டோவும் என் போனிலிருந்து மறைந்துவிட்டது. ஆப்பில் புகார் கொடுத்தால், பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று மூன்று முறையும் ஒரே பதில்.

கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, ஊசி போட்ட தேதி என்ன என்பதுதான். நான் முழித்தேன். பார்த்தால் வாத்துக்கு வரும் தொற்றுநோயான வாத்து பிளேக் மாதிரி இருக்கிறது, கொல்லையில் கொஞ்ச நாளைக்கு வேறு வாத்து விடாதீர்கள் என்றார்.

வீடியோ விஷயத்தைக் கண்டுபிடித்தது என் மகள். "அம்மா, கம்பத்துல திராட்சை பந்தல்லதானே இருக்கும்? சுருளி அருவிக்குப் போனப்போ பந்தலுக்குக் கீழே நின்னு போட்டோ எடுத்தோமே. இதுல வேலி மாதிரி வரிசையா நிக்குது பாரு" என்றாள். தேடிப் பார்த்தால் அது தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்போஷ் பக்கத்துத் தோட்டம். ஆயிரத்துக்கும் மேல் ரன்னர் வாத்து வைத்து நத்தை பொறுக்குகிறார்கள். அந்த வாத்து பாட்டில் மாதிரி நிமிர்ந்து நடக்கும். எனக்கு வந்தது சாதாரண நாட்டு வாத்து, கொட்டகையில் தீவனம் போட்டு வளர்த்தது. மிச்சமிருக்கிற ஆணின் முன்னால் நானே ஒரு நத்தையைக் குச்சியால் தள்ளி வைத்தேன். அது நத்தையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, திரும்பிப் போய் மீந்திருந்த கீரை நாற்றைத் தின்றது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேறு, "உங்க வேலிப் புதர்ல ரெண்டு செம்போத்து இருந்துச்சே, நத்தையெல்லாம் அதுதான் தின்னுட்டு இருந்துச்சு" என்கிறார். காம்பவுண்டு சுவர் கட்டப் போன வருடம்தான் அந்தப் புதரை வெட்டினோம். மின்மினிப் புழுவும் நத்தை தின்னுமாம், அதுவும் அந்தப் புதரோடு போயிற்று. சும்மா இருந்ததை வெட்டிவிட்டு 6,900 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

எப்படி வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. நேரில் பார்க்காமல் உயிருள்ள எதையும் வாங்காதீர்கள். வீடியோ அனுப்பினால் போதாது, அந்த நிமிடமே வீடியோ காலில் வரச் சொல்லுங்கள், வால் இறகைக் காட்டச் சொல்லுங்கள். தடுப்பூசித் தேதியை எழுதி வாங்குங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் அடியுங்கள், என்னை மாதிரி 8 நாள் பொறுக்காதீர்கள். நத்தைக்கு வேறு வழி கிடைக்கும்வரை ராத்திரி ஈரச் சாக்கை விரித்து வைத்து, விடிந்ததும் அடியில் சேர்ந்திருக்கும் நத்தையைப் பொறுக்குங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம், கவர் மாட்டிக்கொள்ளுங்கள்.