சுபாருவா, மாஸ்டாவா? ஃபாரஸ்டருக்கும் சிஎக்ஸ்-5க்கும் பின்னால் இருக்கும் இரண்டு பிடிவாதங்கள்

ஜப்பான் கார் என்றதும் நம்மில் பலர் டொயோட்டா, ஹோண்டா, சுஸுகி என்று மூன்று பெயரோடு நிறுத்திக்கொள்வோம். மாஸ்டாவைத் தமிழ்நாட்டில் ஸ்வராஜ் மாஸ்டா வேனாகப் பார்த்திருக்கிறோம். சுபாருவை அந்த அளவுக்குக்கூடத் தெரியாது. ஆனால் கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடும்பத்துக்கு ஒரு எஸ்யுவி தேடும் தமிழர்களிடம் பேசிப் பாருங்கள். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் சுபாரு ஃபாரஸ்டரும் மாஸ்டா சிஎக்ஸ்-5ம் எதிரெதிரே நிற்பது அடிக்கடி நடக்கிறது. விலையும் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். அதிகம் விற்கும் மாடல்களில் இரண்டிலும் 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், இரண்டுக்கும் 180 குதிரைத்திறனை ஒட்டிய சக்தி. விவரப் பட்டியலைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. ஓட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது.

இது ஏன் என்று புரிய, கம்பெனிகளின் பழைய கதைக்குப் போகவேண்டும். டொயோட்டா ஆண்டுக்கு 1 கோடி வண்டி விற்கிறது. மாஸ்டா 12, 13 லட்சம். சுபாரு 10 லட்சத்தை எட்டினாலே பெரிது. இந்த அளவில் இருக்கும் கம்பெனியால் எல்லாருக்கும் எல்லா வண்டியும் செய்துகொடுக்க முடியாது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதில் விடாப்பிடியாக நிற்கவேண்டும். இரண்டும் அப்படித்தான் நின்றன. வாங்கியவர்கள் சொல்லும் பாராட்டும் புலம்பலும் பெரும்பாலும் அந்தப் பிடிவாதத்திலிருந்தே வருகின்றன என்பது என் கட்சி.

விமானத் தொழிற்சாலையிலிருந்து

கடற்படையில் பொறியாளராக இருந்த நகாஜிமா சிகுஹேய் 1917இல் குன்மா மாகாணத்தின் ஓட்டா ஊரில் ஒரு விமானக் கம்பெனி தொடங்கினார். சுபாருவின் வேர் அதுதான். மிட்சுபிஷி வடிவமைத்த ஜீரோ போர் விமானத்தை மிட்சுபிஷியைவிட அதிக எண்ணிக்கையில் செய்தது நகாஜிமா. போரில் தோற்றதும் விமானம் செய்யத் தடை வந்தது. கம்பெனியைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள். மிஞ்சிய பொறியாளர்கள் 1946இல் ராபிட் என்ற ஸ்கூட்டரைச் செய்தார்கள். குண்டுவீச்சு விமானங்களின் பின்சக்கரங்கள் மிச்சம் கிடந்ததால் முதலில் அவற்றையே ஸ்கூட்டருக்கு மாட்டினார்கள். 1953இல் பிரிந்த துண்டுகளில் ஐந்து ஒன்றுகூடி, பிறகு சுபாரு கார்களைச் செய்த ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் உருவானது. இன்றும் சுபாரு காரின் மூக்கில் இருக்கும் ஆறு நட்சத்திரங்கள் நம் கார்த்திகை மீன்கள்தான்: பெரியது ஒன்று, சின்னவை ஐந்து.

1958இல் வந்த குட்டிக் கார் சுபாரு 360 ஜப்பானில் நன்றாக ஓடியது. பத்து வருடம் கழித்து அது அமெரிக்காவுக்குப் போனபோது கதை வேறு. எடை மிகக் குறைவு என்பதால் அங்கே பாதுகாப்பு விதிகளிலிருந்து அதற்கு விலக்குக் கிடைத்தது. பொருள்களைச் சோதித்து மதிப்பிடும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 1969இல் அதைச் சோதித்து, ஏற்கத்தக்கதல்ல என்று முத்திரை குத்தியது. அதே அமைப்பின் நம்பகத்தன்மைப் பட்டியலில் 2024இல் முதலிடம் பிடித்த பிராண்ட் சுபாரு. 55 வருடத்தில் வந்த மாற்றம் இது. மரியாதையோடு பார்க்கவேண்டிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

இந்த மாற்றத்துக்கு அடித்தளம் இரண்டு முடிவுகள். முதலாவது, 1966இல் சுபாரு 1000 காரில் வந்த பாக்ஸர் எஞ்சின். சாதாரண எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வரும். இதில் இரண்டு பக்கமும் படுத்தவாக்கில் எதிரெதிராக ஓடும். ஒன்றின் அதிர்வை மற்றது அடக்கிவிடும். எஞ்சினின் பாரமும் தரையை ஒட்டி நிற்கும். இரண்டாவது, நாலு சக்கரமும் இழுக்கும் ஏற்பாடு. ஜப்பானின் வடகிழக்கில் பனி அதிகம். தொஹோக்கு மின்வாரியத்து ஊழியர்கள் மின்கம்பிகளைப் பார்க்க மலைக்குப் போக ஜீப்பைத்தான் நம்பியிருந்தார்கள். அதில் குளிர் தாங்க முடியவில்லை. கார் போல வசதியாகவும் ஜீப் போலப் பனியில் ஏறுவதாகவும் ஒரு வண்டி கேட்டார்கள். மியாகி மாகாணத்து சுபாரு டீலர்தான் ஒரு வண்டியைப் பிரித்து, சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிஸானின் டிஃபரென்ஷியலை மாட்டி முதல் மாதிரியைச் செய்துகாட்டினார். 1972இல் அது லியோன் எஸ்டேட் வேனாக விற்பனைக்கு வந்தது. அதிலிருந்து சுபாரு திரும்பிப் பார்க்கவில்லை. 1995 முதல் 1997 வரை கார் கம்பெனிகளுக்கான உலக ராலி சாம்பியன் பட்டத்தை மூன்று வருடம் தொடர்ந்து வென்ற இம்ப்ரெஸாவிலும், பிள்ளையைப் பள்ளியில் விடும் ஃபாரஸ்டரிலும் இருப்பது அதே இரண்டு விஷயங்கள்தான்.

ஹிரோஷிமாவிலிருந்து

மாஸ்டா 1920இல் ஹிரோஷிமாவில் கார்க் என்னும் தக்கை தயாரிக்கும் கம்பெனியாகப் பிறந்தது. அதைப் பொறுப்பேற்று நடத்திய மட்சுடா ஜூஜிரோ இயந்திரங்களுக்கு மாறினார். 1931இல் மூன்று சக்கரச் சரக்கு வண்டி வெளிவந்தது. 1945 ஆகஸ்ட் 6 அவருக்குப் பிறந்தநாள். அன்றுதான் அணுகுண்டு விழுந்தது. அவர் உயிர் தப்பினார். ஊருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஹிஜியாமா என்ற குன்று இருந்ததால் கட்டடங்களும் பெரும்பாலும் தப்பின. அரசு அலுவலகங்களே சில காலம் அங்கிருந்து இயங்கின. அந்த டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டி மறுபடி தயாராக ஆரம்பித்தது. மாஸ்டாக்காரர்கள் எதையும் லேசில் கைவிடமாட்டார்கள் என்று சொல்லும்போது நான் நினைப்பது இதைத்தான்.

அந்தக் குணம் முழுதாக வெளிப்பட்டது ரோட்டரி எஞ்சினில். 1960களின் தொடக்கத்தில் ஜப்பான் அரசு கார் கம்பெனிகளை இரண்டு மூன்று குழுக்களாக இணைக்கப் பார்த்தது. தனித்து நிற்க வேண்டுமென்றால் யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருக்கவேண்டும் என்று ஜூஜிரோவின் மகன் ட்சுனேஜி முடிவெடுத்தார். 1961இல் ஜெர்மனியின் என்எஸ்யு கம்பெனியோடு உரிம ஒப்பந்தம் போட்டார். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண உருளை ஒன்று சுழலும் எஞ்சின் அது. ஓட ஓட உட்சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்தது; பிசாசின் நகக் கீறல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். யமமொட்டோ கெனிச்சி தலைமையில் 47 பொறியாளர்கள் மல்லுக்கட்டி, முக்கோணத்தின் முனைகளில் வாயு கசியாமல் அடைக்கும் சீலை மாற்றி அதைச் சரிசெய்தார்கள். 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது. உரிமம் வாங்கிய மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மாஸ்டா விடவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோலைக் குடிக்கும் இந்த எஞ்சின் கம்பெனியையே கவிழ்க்கப் பார்த்தது. தொழிற்சாலை ஆட்களை ஷோரூம்களுக்கு அனுப்பி கார் விற்கச் சொன்னார்கள். 1979இல் ஃபோர்ட் பங்கு வாங்கி உள்ளே வந்தது. இத்தனைக்கும் பிறகு 1991இல் லு மான் 24 மணி நேரப் போட்டியில் ரோட்டரி பொருத்திய 787பி முதலாவதாக வந்தது. அந்தப் போட்டியை வென்ற முதல் ஜப்பானிய கம்பெனி மாஸ்டா. அடுத்த ஜப்பானிய வெற்றிக்கு, டொயோட்டா வடிவில், 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிஎக்ஸ்-5இல் ரோட்டரி இல்லை. ஆனால் எல்லாரும் போகும் பாதையில் போகமாட்டோம் என்ற அந்த மனசு இருக்கிறது. 2010களில் மற்றவர்கள் எஞ்சினைச் சின்னதாக்கி டர்போ மாட்டியபோது மாஸ்டா ஸ்கைஆக்டிவ் என்ற பெயரில் பெட்ரோல் எஞ்சினின் அழுத்த விகிதத்தை, அதாவது எரியும் முன் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை, 14 வரை ஏற்றியது. மற்றவர்கள் தனித்தனி கியர் இல்லாத சிவிடி ஆட்டோமேட்டிக்குக்கு மாறியபோது ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கை வைத்துக்கொண்டது.

இனி இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்

பனியிலும் சேற்றிலும் ஃபாரஸ்டர் ஒரு படி மேல். எந்நேரமும் நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிறது, தரையிலிருந்து 8.7 அங்குல உயரமும் இருக்கிறது. சிஎக்ஸ்-5இல் சாதாரண நேரத்தில் முன்சக்கரங்களே இழுக்கும், தேவைப்படும்போது பின்சக்கரங்கள் சேரும். நகரப் பனிக்கு அது போதும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. நாலு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. நல்ல குளிர்கால டயர் போட்ட சிஎக்ஸ்-5, சாதாரண டயரோடு இருக்கும் ஃபாரஸ்டரைவிடப் பாதுகாப்பானது.

வெளியே பார்க்கும் வசதியிலும் சுபாரு ஜெயிக்கிறது. ஜன்னல்கள் பெரியவை, தூண்கள் மெல்லியவை. வயதான அப்பா அம்மாவை ஏற்றி இறக்க அந்த இருக்கை உயரம் மிகவும் தோது. பின்சீட்டிலும் தாராளமான இடம். சிஎக்ஸ்-5 வாங்கியவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறையே பின்சீட்டும் டிக்கியும் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம் என்பதுதான். குழந்தை சீட் இரண்டு போட்டால் நடுவில் ஆள் உட்கார முடியாது.

ஆனால் ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் என் ஓட்டு மாஸ்டாவுக்கு. ஸ்டியரிங்கில் சரியான கனம். வளைவில் திருப்பினால் கேட்ட அளவுக்குத் திரும்புகிறது, அதிகமும் இல்லை குறைவும் இல்லை. பெடல்கள் கால் நீட்டும் திசைக்கு நேராக இருக்கின்றன. உள்ளே இருக்கும் துணியும் தோலும் தையலும் இந்த விலையில் எதிர்பார்க்காதவை. ஃபாரஸ்டர் வைத்திருப்பவர்களின் புகார் இதற்கு நேர் எதிர்: மேடு ஏறும்போது சிவிடி எஞ்சினை இரைய வைக்கிறது, வேகம் மெதுவாகத்தான் வருகிறது. நெடுஞ்சாலையில் முந்தும்போது அந்த இரைச்சல் எனக்கும் பிடிக்காது.

திரை விஷயத்தில் இரு பக்கமும் அதிருப்தி உண்டு. மாஸ்டா பல வருடம் தொடுதிரையை ஒதுக்கி, கைக்கு அருகே ஒரு குமிழை வைத்தது. சாலையிலிருந்து கண்ணை எடுக்கவேண்டாம் என்பது அதன் நியாயம். பழகியவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள், பழகாதவர்கள் திட்டுகிறார்கள். சுபாரு ஏசியைக்கூடப் பெரிய தொடுதிரைக்குள் தள்ளி வேறு விதமான எரிச்சலைச் சம்பாதித்தது. சுபாருவின் ஐசைட் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு மட்டும் நல்ல பெயர். முன்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கேமரா, மனிதக் கண்களைப் போலத் தூரத்தைக் கணிக்கிறது. ஜப்பானில் 2008இலேயே வந்துவிட்டது. அதற்கும் ஒரு விலை உண்டு. கல் பட்டு முன்கண்ணாடி விரிசல் விட்டால் மாற்றிய பிறகு கேமராவைத் திரும்பச் சீரமைக்க வேண்டும். வட அமெரிக்காவில் கண்ணாடி விரிசல் சுபாருக்காரர்களின் தீராத புலம்பல்.

பழைய வண்டி வாங்கினால்

செகண்ட் ஹேண்டில் போகிறவர்களுக்குத்தான் வரலாறு நேரடியாகக் கைகொடுக்கும். சுபாருவில் 1990களின் கடைசியிலிருந்து 2000கள் வரை வந்த 2.5 லிட்டர் ஈஜே25 எஞ்சினில், அதன் இரு பாகங்களுக்கு நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டின் கசிவு பெயர்போனது. அந்த வண்டி வாங்கினால் பல அடுக்கு உலோகக் கேஸ்கெட் மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். 2011ஐ ஒட்டிய புதிய எஞ்சின்கள் சிலவற்றில் ஆயில் குறையும் புகார் எழுந்து வழக்கு வரை போனது. 2010 முதல் 2015 வரையிலான பல மாடல்களின் சிவிடிக்கு அமெரிக்காவில் கம்பெனியே உத்தரவாதத்தை 10 வருடம், 1 லட்சம் மைல் என்று நீட்டிக்கொடுத்தது. இன்னொன்று டயர். நாலு டயரின் தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும், இல்லையென்றால் டிரைவ் பாகங்களுக்குச் சிரமம். ஒரு டயர் கிழிந்ததற்கு நாலும் மாற்றவேண்டி வந்தவர்கள் நிறையப் பேர். எஞ்சின் படுத்திருப்பதால் ஸ்பார்க் பிளக் மாற்றுவதுகூட மெக்கானிக்குக் கைவலி.

மாஸ்டாவில் பார்க்கவேண்டியது முதலில் துரு. 2000களின் மாஸ்டா3 வண்டிகளில் பின்சக்கர வளைவை விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். சாலையில் உப்பு போடும் ஊர்களில் இது பெரிய தொந்தரவு. டீசல் ஸ்கைஆக்டிவில் கரி படியும் பிரச்சினை உண்டு, சின்னச் சின்ன ஓட்டத்துக்கு அது வேண்டாம். புகழ்பெற்ற அந்தச் சிவப்பு நிறம் கண்ணைப் பறிக்கும். கீறல் விழுந்தால் அதே நிறத்தைக் கொண்டுவருவது லேசில்லை. ஆசையில் ரோட்டரி எஞ்சின் கொண்ட ஆர்எக்ஸ்-8 பக்கம் போகிறவர்கள் எஞ்சினின் கம்ப்ரஷனைச் சோதிக்காமல் பணம் கொடுக்கவேண்டாம். பெட்ரோல் சிஎக்ஸ்-5 மட்டும் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் தப்பிக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் எளிமையானவை, காலத்தில் ஆயில் மாற்றினால் நெடுங்காலம் ஓடும். 2020இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பட்டியலில் மாஸ்டா முதலிடம் வந்ததில் இந்த எளிமைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

ஆகவே ஆறு ஏழு வருடம் பழைய வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சிஎக்ஸ்-5 சொல்வேன். புது வண்டி, நீண்ட குளிர்காலம், வீட்டில் பெரியவர்கள், பின்சீட்டில் வளரும் பிள்ளைகள் என்றால் ஃபாரஸ்டர். பனியே பார்க்காத மெல்பர்ன் குடும்பம் சுபாருவின் நாலு சக்கர இழுவைக்காக வருடம் முழுக்கக் கூடுதல் பெட்ரோல் போடத் தேவையில்லை.

மைலேஜ்தான் முக்கியம் என்பவர்கள் ஹைப்ரிட் பக்கம் போவார்கள். அங்கே ஒரு புது நிலவரம். டொயோட்டா இப்போது சுபாருவில் 20 சதவீதமும் மாஸ்டாவில் 5 சதவீதமும் பங்கு வைத்திருக்கிறது. புது ஃபாரஸ்டர் ஹைப்ரிட், டொயோட்டாவின் தொழில்நுட்பத்தைத் தன் பாக்ஸர் எஞ்சினோடு இணைத்திருக்கிறது. அதனால் இன்னும் சுபாருவாகவே இருக்கிறது. அமெரிக்காவில் கிடைக்கும் மாஸ்டா சிஎக்ஸ்-50 ஹைப்ரிடோ டொயோட்டாவின் ஹைப்ரிட் அமைப்பையே எடுத்துக்கொண்டது. தயாராவதும் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து அலபாமாவில் கட்டிய தொழிற்சாலையில். அதில் மாஸ்டாவின் பங்கு ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் தோற்றமும். அதை வாங்க நினைக்கிறவர் முன்பணம் கட்டும் முன் டொயோட்டா ராவ்4 ஹைப்ரிடையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.