பேராக் உள்சாலைகளில் ஒரு வாடகை வண்டி

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் இருக்கும் வாடகை வண்டிக் கடை ஒன்றில் ஏழு பேர் அமரும் வண்டியை மூன்று நாள்களுக்கு எடுத்துக்கொண்டு, நண்பர்கள் ஐவர் சென்ற மாதம் பேராக் மாநிலத்தைச் சுற்றிவந்தோம். வடக்கே போகிறவர்கள் பெரும்பாலும் ஈப்போவில் பசியாறிவிட்டுப் பினாங்குக்கு விரைந்துவிடுவார்கள். நாங்கள் அவர்கள் நெடுஞ்சாலைப் பலகையில் பெயரை மட்டும் படித்துவிட்டுக் கடக்கும் தெலுக் இந்தான், பத்து காஜா, தைப்பிங், கோல செப்பேத்தாங் ஆகிய ஊர்களைத் தேர்ந்துகொண்டோம். இப்படிப்பட்ட பயணத்துக்கு அந்தக் கடையின் வண்டியும் சேவையும் எந்த அளவுக்கு ஈடுகொடுத்தன என்பதையே இங்கே எழுதுகிறேன்.

மூன்று நாள் வாடகை 660 வெள்ளி (ரிங்கிட்), முன்பணம் 300 வெள்ளி. கிலோமீட்டர் வரம்பு கிடையாது. வண்டியை ஒப்படைத்த இளைஞர் அதைச் சுற்றிவந்து, பழைய கீறல் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டி, எங்கள் கைப்பேசியிலேயே காணொளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாடகை வண்டிக் கடைகளில் இந்த நேர்மையை நான் அதிகம் கண்டதில்லை. உதிரிச் சக்கரம் இருக்கிறதா என்று கேட்க மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பீடோரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கித் தெலுக் இந்தானை அடைந்தபோது காலை பத்து மணி. 1885இல் லியோங் சூன் சோங் என்பவர் கட்டிய சாய்ந்த கோபுரம் ஊர் நடுவே நிற்கிறது. 25.5 மீட்டர் உயரமுள்ள அதன் உள்ளே முன்பு ஊருக்கான தண்ணீர்த் தொட்டி இருந்தது. அந்தப் பாரத்தை அடியிலிருந்த இளகிய மண் தாங்காததால் கோபுரம் சாய்ந்தது. வெளியிலிருந்து எண்ணினால் எட்டு மாடி, உள்ளே ஏறினால் மூன்றே மாடி. எங்கள் வண்டியும் ஏறக்குறைய அப்படித்தான். விளம்பரத்தில் ஏழு இருக்கை என்றாலும், கடைசி வரிசைக்குக் குளிர்காற்று போய்ச் சேர்வதில்லை. அங்கே உட்கார்ந்த நண்பர் பீடோர் வருவதற்குள் சட்டை நனைந்து, முன்னால் வந்து நெருக்கிக்கொண்டார். அந்த வரிசையை மடக்கிப் பைகளை அடுக்கிய பிறகு வண்டி ஐவருக்குத் தாராளமாகவே இருந்தது. ஏழு பேராகப் போகிறவர்கள் இதை நம்பி எடுக்க வேண்டாம்.

தெலுக் இந்தானிலிருந்து தஞ்சோங் துவாலாங் வழியாகப் பத்து காஜாவுக்குப் போகும் சாலையின் இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். அங்கேதான் பின்பக்க இடது டயரில் ஆணி ஏறியது. பின்கதவைத் திறந்து தரைப்பலகையைத் தூக்கினால் உதிரிச் சக்கரம் இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு சிறிய காற்றுப் பம்பும், ஓட்டை அடைக்கும் பசைக் குப்பியும் மட்டுமே இருந்தன. குப்பியில் பசை காய்ந்து கட்டியாகியிருந்தது. கடையின் அவசர எண்ணை அழைத்தபோது, இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கிடைத்த பதில் இது: “ஹைவேயில நின்னா இழுவை வண்டி அனுப்பிடலாம் அண்ணே, உள்ரோட்டுக்கு நம்மகிட்ட ஆள் இல்ல.” பிறகு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், சாலை உதவி நெடுஞ்சாலைக்கு மட்டுமே என்று நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. கையெழுத்துப் போட்டது நான்தான்.

அந்தப் பம்பாலேயே காற்றடித்து, அது இறங்குவதற்குள் சிறிது தூரம் உருட்டி, மறுபடியும் அடித்து, இப்படி மூன்று முறை நின்று நின்று ஒரு டயர் கடையைச் சேர்ந்தோம். கடைக்காரச் சீனப் பெரியவர் சவர்க்கார நீரை டயரில் ஊற்றி, குமிழி கிளம்பிய இடத்தைக் கண்டதும் குறட்டால் ஆணியைப் பிடுங்கி, பசை தடவிய ரப்பர்த் திரியை ஊசியில் கோத்து ஓட்டைக்குள் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலை நறுக்கிவிட்டார். பத்து நிமிட வேலைக்கு 12 வெள்ளி கேட்டார். ரசீது கேட்டதற்குச் சிரித்தார்.

தாமதமானதால், 1938இல் கட்டப்பட்டு 1982 வரை நீரில் மிதந்தபடி வெள்ளீயம் தோண்டிய 4,500 டன் ஈயக் கப்பலை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. கெல்லி மாளிகையை மறுநாள் காலை நிதானமாகப் பார்த்தோம். 1915இல் தொடங்கிய அந்தக் கட்டடம், வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்த பின் பாதியிலேயே நின்றுபோனது. சற்றுத் தள்ளி, தம்மிடம் வேலைசெய்த தமிழர்களுக்காக அவர் கட்டித்தந்த மாரியம்மன் கோயிலின் கூரையில், தெய்வச் சிலைகளுக்கிடையே அவருடைய உருவமும் நிற்கிறது. அங்கே போகும் குறுகிய பாதையில் வண்டியைத் திருப்பியபோது பின்பக்கக் கேமரா பெரிதும் கைகொடுத்தது.

தைப்பிங்கில் மழை கொட்டியது. அந்த ஊரில் மழை கொட்டாவிட்டால்தான் எழுத வேண்டும். துடைப்பான்கள் புதியவை, கண்ணாடியில் ஆவி படியவில்லை, ஒட்டுப்போட்ட டயரும் ஈரச் சாலையில் வழுக்கவில்லை. 1883இல் தொடங்கப்பட்ட பேராக் அருங்காட்சியகத்தையும், பழைய ஈயச் சுரங்கப் பள்ளங்களை ஏரிகளாக்கிய பூங்காவையும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தே பார்த்துவிடலாம். நாட்டின் முதல் ரயில் தடம் 1885இல் இங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்தத் துறைமுகம் இன்று கோல செப்பேத்தாங் என்ற பெயரில், கண்டல் மரத்தைக் கரியாக்கும் சூளைகளோடு அமைதியாக இருக்கிறது. சூளைக்குள் நுழைந்துவந்த எங்கள் காலணிகளால் இருக்கைக்கடியில் இருந்த விரிப்பு முழுவதும் கரியாகிவிட்டது.

திருப்பி ஒப்படைத்தபோது அந்த விரிப்புக்காக முன்பணத்தில் 30 வெள்ளி கழித்தார்கள், அது நியாயமே. டயருக்குச் செலவான 12 வெள்ளியை ரசீது இல்லை என்று தர மறுத்தார்கள். காய்ந்த பசைக் குப்பியை மேசைமேல் வைத்துக் காட்டிய பிறகும் மறுத்ததுதான் எனக்கு வருத்தம். மீதிப் பணம் மறுநாளே வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. நெடுஞ்சாலையை விட்டு இறங்காதவர்களுக்கு இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடுத்து நாங்கள் போகவிருப்பது ஒரு காலத்தில் பகாங்கின் தலைநகராக இருந்த கோல லிப்பிஸ். வாடகை மலிவு என்பதால் இதே கடையில்தான் வண்டி கேட்டிருக்கிறேன். உதிரிச் சக்கரம் உள்ள பழைய வண்டி ஒன்று இருப்பதாகவும், அதன் படத்தை அனுப்புவதாகவும் சொன்னார்கள். படம் இன்னும் வரவில்லை.