மொழியியல் மாநாட்டு அழைப்பு வந்திருக்கிறதா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மொழியியலில் ஆய்வு செய்கிறவர்கள், குறிப்பாக முதல் ஆய்வுச் சுருக்கத்தை எங்கே அனுப்பலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பன்னாட்டு மொழியியல் மாநாடு என்ற பெயரில் ஒரு நிறுவனம் என்னிடம் பதிவுக் கட்டணம் வாங்கியது. என் ஆய்வைப் படிக்காமலே ஏற்றது. கடைசியில் என் தரவுகளைச் சிதைத்து, என் சம்மதம் இல்லாமலே ஆய்வுக்கோவையில், அதாவது மாநாட்டுக் கட்டுரைகளின் தொகுப்பில், வெளியிட்டுவிட்டது. போன பணத்தை விடுங்கள். அந்தக் கட்டுரைக்கு நேர்ந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அழைப்பு மின்னஞ்சலில் வந்தது. ஒலியியல், தொடரியல், பொருண்மையியல், சமூக மொழியியல் என்று துறைகளை ஒழுங்காகப் பிரித்திருந்தார்கள். ஆலோசனைக் குழுவில், தொடரியல் படித்த யாருக்கும் தெரிந்திருக்கக்கூடிய சில பெயர்கள் இருந்தன. சிறப்புரை ஆற்றப்போகிறவர் என்று ஒரு பேராசிரியரின் படமும் இருந்தது. கடைசித் தேதி நெருங்கியதும், பலர் கேட்டுக்கொண்டதால் நீட்டித்திருக்கிறோம் என்று இன்னொரு மடல். தேதியை நீட்டிப்பது நல்ல மாநாடுகளிலும் நடப்பதுதான், அதை மட்டும் வைத்து யாரையும் சந்தேகப்பட முடியாது.

நான் அனுப்பியது நான்காம் வேற்றுமை எழுவாய் பற்றிய சுருக்கம். 'அவளுக்குப் பசிக்கிறது' போன்ற வாக்கியங்களில் 'அவளுக்கு' என்ற சொல் எந்த அளவுக்கு எழுவாயாக நடந்துகொள்கிறது, கூட ஒரு வினையெச்சம் வந்தால் அதன் வினைமுதல் யார் என்பதுதான் கேள்வி. இந்த மாதிரி ஆய்வில் வாதமே எடுத்துக்காட்டு வாக்கியங்களில்தான் இருக்கிறது. எந்த வாக்கியத்தைப் பேசுவோர் ஏற்கிறார்கள், எதை 'இப்படி யாரும் சொல்ல மாட்டார்கள்' என்று தள்ளுகிறார்கள் என்பதைப் பலரிடம் கேட்டுக் கேட்டுத் திரட்டியிருந்தேன். தள்ளுபடியான வாக்கியங்களுக்கு முன்னால், மொழியியலில் வழக்கமாகப் போடும் நட்சத்திரக் குறியைப் போட்டிருந்தேன். இந்தக் குறியைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏற்புக் கடிதம் ஓரிரு நாளில் வந்துவிட்டது. மதிப்பீட்டாளர் இருவரின் கருத்து என்று சில வரிகள் இணைத்திருந்தார்கள். தலைப்பு புதுமையாக இருக்கிறதாம், ஆய்வு முறை தெளிவாக இருக்கிறதாம், மாதிரி அளவை விளக்கினால் இன்னும் சிறக்குமாம். எந்தத் துறையில் எந்தக் கட்டுரைக்கும் இதை ஒட்டிவிடலாம். என் வாக்கியங்களில் ஒன்றைப் பற்றிக்கூட ஒரு சொல் இல்லை.

உண்மையான மதிப்பீடு எப்படி இருக்கும் என்பதை இதுவரை எங்கும் அனுப்பாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1970 முதல் நடக்கும் நெல்ஸ், 1982 முதல் நடக்கும் விக்ஃபுல், ஐரோப்பாவின் குளோ போன்ற மாநாடுகளில் பொதுவாக இரண்டு பக்கச் சுருக்கம் கேட்பார்கள். அதில் உங்கள் பெயரோ நீங்கள் யார் என்று காட்டிக்கொடுக்கும் குறிப்போ இருக்கக்கூடாது. ஒருவர் தனியாக ஒன்றும் கூட்டாக ஒன்றும்தான் அனுப்பலாம் என்ற வரம்பும் பெரும்பாலும் உண்டு. ஒரு சுருக்கத்தைப் பலர் தனித்தனியாகப் படிக்கிறார்கள். எல்லோரும் தங்கள் சொந்த வேலைக்கு நடுவே சம்பளம் இல்லாமல் படிக்கிறவர்கள், அதனால் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், சில நேரம் மாதக்கணக்கில்கூட ஆகும். வரும் குறிப்பு இப்படி இருக்கும்: 'மூன்றாம் எடுத்துக்காட்டை நான் அறிந்த வேறு வட்டாரத்தவர் ஏற்கிறார்களே, அப்படியானால் உங்கள் இரண்டாம் பகுதியின் வாதம் நிற்குமா?' உங்கள் சுருக்கத்தை நிராகரித்தால்கூட அந்த ஒரு வரி போதும், அடுத்த ஆண்டு வேலைக்கு அதிலிருந்து தொடங்கலாம். மாநாடு என்பதன் மதிப்பே அந்த வாசிப்பில்தான் இருக்கிறது என்பேன். யாருமே வாசிக்காமல் ஏற்கும் இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு ரசீது மட்டும்தான்.

வாசிக்காமல் ஏற்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் இருந்த கிறிஸ்டோஃப் பார்ட்னெக் என்ற ஆய்வாளருக்கு 2016இல் அணு இயற்பியல் மாநாடு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அவருக்கு அந்தத் துறையோடு தொடர்பே கிடையாது. ஆப்பிள் கருவியில் அடுத்த சொல்லைப் பரிந்துரைக்கும் வசதியை வைத்தே அர்த்தமில்லாத ஒரு சுருக்கத்தைக் கோத்து அனுப்பினார். சில மணி நேரத்திலேயே ஏற்புக் கடிதம் வந்துவிட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஏற்பு வந்த கையோடு பணம் கேட்டு நெருக்கடி தொடங்கியது. குறிப்பிட்ட தேதிக்குள் கட்டாவிட்டால் நிகழ்ச்சி நிரலில் இடம் போய்விடும் என்றார்கள். விடுப்புக்கும் பயணத்துக்கும் தேவைப்படும் அழைப்புக் கடிதம் பணம் கட்டிய பிறகுதான் கிடைக்கும் என்றார்கள். கட்டினேன். அப்புறம்தான் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம், ஆய்வுக்கோவையில் வெளியிடப் பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றாக வந்தன.

மாநாடு ஒரு ஓட்டல் கூடத்தில் நடந்தது. நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்கியதும் திகைத்துப்போனேன். மொழியியல் என்று தனி அமர்வே இல்லை. எனக்கு முன்னால் மருத்துவமனை நிர்வாகம் பற்றிய உரை, எனக்குப் பின்னால் இணைய விற்பனை பற்றிய உரை. அமர்வுத் தலைவர் என்று அச்சிட்டிருந்தவர் வரவில்லை. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஊழியர் ஒருவர் நேரம் பார்த்து, நேரமாகிவிட்டது, சுருக்கமாக முடியுங்கள் என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். கேள்வி நேரமே வைக்கவில்லை. பேசி முடித்ததும் மேடையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

வந்திருந்தவர்களில் பலர் என்னைப் போலவே நம்பி வந்தவர்கள். அதில் ஒரு மாணவர், பேசுவோர் குறைந்துகொண்டே வரும் ஒரு மொழியின் உயிரொலிகளைப் பதிவு செய்து, அந்த ஒலிகளின் அலைவெண்களைக் காட்டும் நிறமாலைப் படங்களோடு வந்திருந்தார். எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றையும் வரிசையாக அச்சிட்டு, வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கூடத்தில் நிறமாலைப் படம் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் கொண்டுவந்த தாள்கள் மேசையில் அப்படியே கிடந்தன. எனக்கு வந்த கோபத்தில் பாதி அவருக்காகத்தான். அந்த வேலை ஒலியியலாளர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன அறையில் நடந்திருந்தால் அவருக்கு எத்தனை கேள்விகள் வந்திருக்கும்!

சிறப்புரைப் பேராசிரியரும் வரவில்லை. தவிர்க்க முடியாத காரணம் என்று அறிவித்தார்கள். ஊர் திரும்பியதும் அவருக்கே எழுதிக் கேட்டேன். அப்படி ஒரு மாநாடு நடப்பதே தனக்குத் தெரியாது என்று பதில் போட்டார். அறிஞர்களின் பெயரை இப்படிக் கேட்காமல் எடுத்துப் போடுவது இந்த வியாபாரத்தில் பழைய வழி. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஆய்விதழ்களும் மாநாடுகளும் நடத்தும் ஓமிக்ஸ் குழுமத்தின்மீது 2016இல் தொடுத்த வழக்கில், வர ஒப்புக்கொள்ளாத அறிஞர்களை வருவதாக விளம்பரம் செய்ததும் ஒரு குற்றச்சாட்டு. 2019இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. அதனால் குழுப் பட்டியலில் பெரிய பெயர் இருந்தால், அந்தப் பெயருக்கு உரியவரின் பல்கலைக்கழக முகவரிக்கு இரண்டு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தன் பெயர் திருடுபோயிருப்பது தெரியாதவர் உங்களுக்கு நன்றிதான் சொல்வார்.

இனி அந்த ஆய்வுக்கோவை. வெளியீட்டுக் கட்டணத்தை நான் கட்டவில்லை, காப்புரிமைப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. முன்பே அனுப்பிய முழுக் கட்டுரையைத் திருப்பிக் கேட்டும் எழுதினேன். அப்படியும் வெளியிட்டுவிட்டார்கள். கோப்பைத் திறந்தால் பன்னாட்டு ஒலியெழுத்துகள் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டங்கள். மொழியியல் கட்டுரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் நேர் கீழே அதன் இலக்கணக் குறிப்பு வர வேண்டும், லைப்சிக் விதிகள் என்று அதற்கு ஒரு பொது முறையே இருக்கிறது. அந்த வரிசை முழுக்கக் கலைந்து, நான்காம் வேற்றுமைக் குறிப்பு வினைச்சொல்லுக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தது. அதையாவது பார்க்கிறவர் பிழை என்று புரிந்துகொள்வார். நட்சத்திரக் குறிகளை ஏதோ தேவையில்லாத கிறுக்கல் என்று நினைத்தோ என்னவோ, எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள். விளைவு என்ன தெரியுமா? தமிழில் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நான் காட்டிய வாக்கியங்கள் எல்லாம், தமிழர் சொல்லும் வாக்கியங்கள் என்று என் பெயரில் அச்சாகியிருக்கின்றன. தமிழ் தெரியாத ஓர் ஆய்வாளர் நாளை அதை எடுத்து மேற்கோள் காட்டினால் பொய்த் தரவு இன்னொரு கட்டுரைக்குள் போகும். எனக்காக நேரம் ஒதுக்கி ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லிப் பார்த்துப் பதில் சொன்னவர்களுக்கு நான் என்ன விளக்கம் சொல்வது?

நீக்கச் சொல்லி எழுதினேன். திரும்பப் பெறுவதற்கும் கட்டணம் உண்டு என்று பதில் வந்தது. கட்ட மறுத்துவிட்டேன். வங்கியில் முறையிட்டதில், நிகழ்ச்சி நடந்திருக்கிறது, நீங்களும் கலந்துகொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள். அதனால் சந்தேகம் வந்தால் போவதற்கு முன்பே முறையிடுங்கள். போய் வந்த பிறகு வாதாடுவது மிகக் கடினம்.

அழைப்பு வந்ததும் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது முந்தைய ஆண்டுகளின் நிகழ்ச்சி நிரல். நான்கைந்து உரைகளின் தலைப்பைப் படித்தாலே அங்கே மொழியியலாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா என்று தெரிந்துவிடும். பேசியவர்கள் தங்கள் சொந்தப் பக்கங்களில் அந்த உரையைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆய்வுக்கோவை இருந்தால் திறந்து ஒரு கட்டுரையின் எடுத்துக்காட்டு வரிசை நேராக இருக்கிறதா என்று பாருங்கள். விக்ஃபுலின் கோவைகளைக் கஸ்கடில்லா பதிப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அதில் ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஈசிசேர் வழியாகச் சுருக்கம் வாங்குகிறார்கள் என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள், அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்த முடியும். 1990 முதல் இயங்கும் லிங்க்விஸ்ட் லிஸ்ட் என்ற மொழியியல் அறிவிப்புத் தளத்தில் மாநாட்டு அறிவிப்புகளைத் தேடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் துணைத்துறையில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் கேளுங்கள். இது சிறிய உலகம். நல்ல மாநாடு என்றால் யாராவது போயிருப்பார்கள்.

மாநாடு நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். உண்மையாக உழைத்துச் சிறிய மாநாடு நடத்தும் துறைகள் பல இருக்கின்றன. அவற்றின் அறிவிப்பும் இந்த வியாபாரிகளின் அறிவிப்பும் மாணவர் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகின்றன. யார் மதிப்பிடுகிறார்கள், ஒரு சுருக்கத்தை எத்தனை பேர் படிப்பார்கள், சென்ற முறை எத்தனை வந்து எத்தனை ஏற்கப்பட்டன, கட்டணம் மொத்தம் எவ்வளவு என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். பேராசிரியர்களே, ஆலோசனைக் குழுவில் உங்கள் பெயரைச் சேர்க்கட்டுமா என்று யாராவது கேட்டால், என்ன வேலை என்று கேட்காமல் சரி சொல்லாதீர்கள். ஒரு சுருக்கத்தைக்கூட உங்களுக்குப் படிக்கக் கொடுக்காத குழுவில் உங்கள் பெயர் விளம்பரப் பலகையாகத்தான் இருக்கும்.

ஏற்கெனவே இப்படி ஓரிடத்தில் சிக்கியிருக்கிறீர்கள் என்றால், முதலில் முழுக் கட்டுரையை அனுப்பாதீர்கள். காப்புரிமைப் படிவம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெளியிட அனுமதி இல்லை என்று தேதியோடு மின்னஞ்சல் எழுதி நகலை உங்கள் நெறியாளருக்கும் அனுப்பிவிடுங்கள். நான் சரியான வடிவத்தை, எல்லா நட்சத்திரக் குறிகளோடும், மொழியியல் கட்டுரைகளுக்கான லிங்பஸ் என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றியிருக்கிறேன். கோவையில் வந்தது என் அனுமதி இல்லாமல் வந்தது, அதன் தரவுகள் பிழையானவை, மேற்கோள் காட்ட வேண்டாம் என்று முதல் பக்க அடிக்குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன். இப்போது கட்டுரையை அனுப்பியிருக்கும் இதழின் ஆசிரியருக்கும் நடந்ததை முழுவதும் விளக்கி, அந்த மின்னஞ்சல்களையும் இணைத்து அனுப்பினேன். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி சொல்லி, கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.