காயலான் கடை இரும்பில் சிராய் பிளப்பான்: வாங்குவதற்கு ஈடாகுமா?

அடுப்பு பற்றவைக்கச் சிராய் பிளக்கையில், ஒரு கையில் கட்டையைப் பிடித்து மறுகையில் அரிவாளை ஓங்கும்போதுதான் விரல் போகிறது. அதற்கு மாற்றாக நியூசிலாந்தில் அய்லா ஹட்சின்சன் பள்ளி மாணவியாக இருந்தபோது உருவாக்கியது ‘கிண்ட்லிங் கிராக்கர்’. இரும்பு வளையத்துக்குக் கீழே வெட்டுவாய் மேல்நோக்கி நிற்கும். அதன்மேல் கட்டையை நிறுத்தி, சுத்தியலால் தலையில் அடித்தால் பிளந்துவிடும். ஒரே வார்ப்பு என்பதால் இணைப்பு விட்டுப்போகும் பயமில்லை. பழைய இரும்பில் செய்யும் நகலும் நன்றாகவே உழைக்கும், இரண்டு இடங்களில் அவசரப்படாவிட்டால்.

தேவை: வெட்டுவாய்க்கு லாரி பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) 16 செ.மீ. துண்டு (நடு போல்ட் ஓட்டை உள்ள பகுதி வேண்டாம்), வளையத்துக்கு 7 அங்குல இரும்பு கேசிங் பைப்பில் 3 செ.மீ. துண்டு, கால்களுக்கு 20 எம்.எம். முறுக்குக் கம்பி 30 செ.மீ. நீளத்தில் நான்கு, அடியில் 10 எம்.எம். தகடு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் மட்டும் எடுக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் கிளம்பும் துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும்.

முதல் இடம், பட்டையின் வெல்டிங். அது கார்பன் கூடிய எஃகு. சாதா வெல்டிங் ராடை வைத்துக் குளிர்ந்த பட்டையில் இழுத்தால் அன்றைக்குப் பிடித்தாற்போல் இருக்கும். சில நாள் அடித்ததும், ஒட்டின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும். அப்புறம் வெட்டுவாய் அப்படியே கழன்றுவரும். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டோடும் அளவுக்குப் பட்டையைச் சூடாக்கி, உலர்ந்த 7018 ராடில் (லோ-ஹைட்ரஜன் வகை) ஒட்டி, சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது.

இரண்டாவது, உயரம். பட்டையை நேரே தகட்டில் ஒட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தப்பு. முரட்டுக் கட்டை முழுக்கப் பிளப்பதற்குள் அதன் அடிப்பக்கம் தகட்டில் முட்டி, வெட்டுவாயைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். இருபுறமும் சேனல் துண்டு வைத்து 5 செ.மீ. தூக்குங்கள். வாய் சவர பிளேடு போல் இருக்க வேண்டியதில்லை. 30 டிகிரி போதும், அதைவிட மெலிந்தால் பல் விழும்.

மரக்குற்றியில் போல்ட் போட்டு இறுக்கி, 2 கிலோ சுத்தியலால் அடியுங்கள், கண்ணாடி அணிந்து. சவுக்கு நேராகப் பிளக்கும். கணு நிறைந்த சீமைக் கருவேலம் சிக்கும். சிக்கினால் பக்கவாட்டில் தட்டாதீர்கள், ஒட்டு போய்விடும். இன்னொரு கட்டையை மேலே வைத்து அடித்து இறக்குங்கள்.