பாட்டி தேடிய படி: ஒரு பயிற்சி நூலைப் பற்றி

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக, பல பொருள் தரும் ஒரு சொல்லை அது வரும் இடத்தைக் கொண்டு அறியப் பழக்கும் பயிற்சி நூல் ஒன்றைச் சென்ற மாதம் நாகர்கோவிலில் வாங்கினேன். 96 பக்கம், 140 ரூபாய். தாளும் அச்சும் குறை சொல்லும்படி இல்லை.

முதற்பாதி நன்றாகவே இருக்கிறது. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடிற்று' என்றால் விலங்கு என்று காட்டி, பொருளைத் தெளிவித்த வினைச்சொல்லின் கீழ்க் கோடிடச் சொல்கிறார்கள். விடையை மட்டும் கேட்காமல் அதற்குக் காரணமான சொல்லையும் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நூல் அந்த ஓர் உத்தியோடு நின்றுவிடுகிறது. இத்தகைய சொற்கள் வினையால் மட்டுமன்றி, இனத்தாலும், சார்பாலும் (அதாவது சூழலாலும்) தெளியும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்திருக்கிறது. 'மாவும் மருதும் ஓங்கின' என்னும்போது, அருகில் நிற்கும் மருதமரமே மாவும் மரம்தான் என்று சொல்லிவிடுகிறது.

இதற்கு எங்கள் மாவட்டத்துப் பேருந்துப் பலகையே போதும். வெள்ளிச்சந்தை என்ற பெயரைப் படித்துவிட்டு, "அங்கே வெள்ளியா அப்பா விற்றார்கள்?" என்று மகள் கேட்டாள். திங்கள்சந்தை என்றும் ஓர் ஊர் இருக்கிறதே என்று மட்டும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் கிழமை" என்றாள். நூலில் வெள்ளிக்கு நான்கு வாக்கியங்கள் இருந்தும் இப்படி ஓர் இணை இல்லை.

'மடி' பற்றிய பக்கத்தில் தாயின் மடியும் சோம்பலும் மட்டுமே உள்ளன. கடற்கரையில் ஆட்கள் வரிசையாக நின்று கரைமடி என்னும் மீன்வலையை இழுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை 'மடி நிறைய சாளை' என்று சொந்த வாக்கியம் எழுதினால், விடைப்பட்டியலை நம்பித் திருத்துபவர் அங்கே தாயின் மடியைத்தான் காண்பார். எல்லா ஊர் வழக்கையும் ஒரே நூலில் அடக்க முடியாது என்பது உண்மைதான். 'உங்கள் ஊரில் வேறு பொருள் உண்டா?' என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

பெரிய குறை விடைப்பட்டியலில் இருக்கிறது. 'பாட்டி படியைத் தேடினாள்' என்ற வாக்கியத்துக்கு, அளக்கும் படி என்பதே சரியான விடையாம். என் மகள் 'மாடிப்படி; இருட்டாக இருந்திருக்கும்' என்று எழுதியிருந்தாள். அதைத் தவறென்று அடிக்க எனக்குக் கை வரவில்லை, ஏனெனில் அரிசி, உழக்கு, விளக்கு என்று எந்தத் துணைச்சொல்லும் அந்த வாக்கியத்தில் இல்லை. 'மா வீழ்ந்தது' என்பதும் இப்படித்தான்: மரமும் வீழும், விலங்கும் வீழும், ஆகவே சொல்பவர்தான் இன்ன மா என்று விளக்கிச் சொல்ல வேண்டும். துப்பு இல்லாத வாக்கியத்தைத் துப்பில்லாதது என்று அறிவதும் இந்தப் பயிற்சியில் ஒரு பாதி அல்லவா? அதற்கு நூலில் ஒரு பக்கமும் இல்லை.

பெற்றோர் அருகில் உட்கார்ந்து பேசிப் பேசிச் செய்ய முடியுமானால் முதல் 50 பக்கங்களுக்காக வாங்கலாம். பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். என் வீட்டுப் பிரதியில் கடைசி ஆறு விடைப்பக்கங்களையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து வைத்திருக்கிறேன்.